வண்டி ஸ்டார்ட் ஆகிறது, மூன்றே விநாடியில் நின்றுவிடுகிறது. எங்கிருந்து பார்ப்பது?

கேட்டவர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 11 வருடப் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். நான்கு நாளாக ஒரே தொல்லை. சாவியைத் திருப்பினால் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆர்பிஎம் முள் 1200 வரை ஏறுகிறது, பிறகு சரசரவென்று இறங்குகிறது. வண்டி ஒருமுறை உதறிவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி திருப்பினாலும் அதே கதைதான். பிளக் நான்கையும் மாற்றிவிட்டேன், பலன் இல்லை. எஞ்சின் விளக்கும் எரியவில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது இந்த வண்டியில்தான், அதனால் மனசே சரியில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில் 1:

பதற வேண்டாம் நண்பரே. பிடித்துக்கொள்கிறது என்றாலே பேட்டரி, செல்ஃப் மோட்டார், தீப்பொறி எல்லாம் ஓரளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இனி எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். வண்டி எப்படி நிற்கிறது என்பதை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் ஓடுகிறதா? எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இதுதான். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றிரண்டு விநாடியில் சுவிட்ச் போட்டதுபோல் அணைந்தால் இம்மொபிலைசர் மீது சந்தேகம் வரும். சாவியில் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்றால், பல கார்கள் ஒரு கணம் ஓடவிட்டுத்தான் எரிபொருளை நிறுத்தும். அப்போது டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டும். இரண்டாவது சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

சாவி ஸ்டார்ட் நிலையிலிருந்து திரும்பி வரும் அந்த நொடியிலேயே அணைகிறது என்றால், இக்னிஷன் சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம்.

இன்னொன்று, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, பின்சீட்டுப் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஏறத்தாழ இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று முனகி நிற்க வேண்டும்.

சோதிக்கும்போது வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேட்டவர்:

பார்த்துவிட்டேன். சாவி விளக்கு எரிந்து அணைந்துவிடுகிறது, சிமிட்டவில்லை. பம்ப் முனகல் தெளிவாகக் கேட்கிறது. மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது! 1500-இல் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டேன், துளி உதறல் இல்லை. காலை எடுத்ததும் முள் நேராகக் கீழே போய் நின்றுவிட்டது.

பதில் 2:

எனக்கும் இதேபோல் ஆனது, கடைசியில் பெட்ரோல் பம்ப்தான். ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்துவிட்டுத் தளர்ந்துபோகும். பம்பையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

பதில் 1:

உங்கள் வண்டியில் அது நடந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவர் சொல்வதைக் கவனியுங்கள். ஐடிலில், அதாவது கால் வைக்காமல் சும்மா ஓடும்போது, எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு, 1500-இல் அதைவிட அதிகம். பம்ப் தளர்ந்திருந்தால் மிதிக்க மிதிக்க முக்கித் திணறும். இங்கே தலைகீழாக நடக்கிறது: மிதித்தால் பிழைக்கிறது, விட்டால் சாகிறது. மிதிக்கும் கால் செய்யும் வேலை, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் பலகையைக் கொஞ்சம் திறப்பது, அவ்வளவே. ஆகவே ஐடிலில் அளவான காற்று உள்ளே போகவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று போகிறது. பம்பைக் குறை சொல்வதற்கு முன் அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வகை எஞ்சின்களில் பெட்ரோல் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார் (bar) அளவில் இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பதில் 3:

கணக்கில் வராத காற்று என்றதும் ஒன்று சொல்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை வரும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். சும்மா பார்த்தால் வெடிப்பு தெரியாது. காற்றை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காது, ஐடிலில் நின்றுவிடும். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் வண்டி இப்படி நிற்கும். ஆனால் அது பெரும்பாலும் டேங்க் நிரப்பிய கையோடு படுத்தும்.

பதில் 4:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது டீசல். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகி அணைகிறது. இரண்டு மூன்று முறை அடித்த பிறகு நாள் முழுக்கச் சரியாக ஓடுகிறது. இதற்கும் த்ராட்டில்தான் காரணமா?

பதில் 1:

உங்கள் கதை வேறு. இரவு முழுக்க நிற்கும்போது எங்கோ ஒரு மூட்டு வழியாகக் காற்று நுழைந்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். பம்பில் மிச்சமிருப்பதை வைத்து எஞ்சின் பிடிக்கும், பின்னால் காற்றுக்குமிழி வந்ததும் அணையும். ஃபில்டர் அருகே கையால் அழுத்தும் பிரைமர் இருந்தால், நாளைக் காலை ஸ்டார்ட் செய்யுமுன் அது கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு அடியுங்கள். ஒரே அடியில் பிடித்து நிற்காமல் ஓடினால் மூட்டுகளையும் ஃபில்டர் வாஷரையும் பாருங்கள்.

கேட்டவரே, ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். இது ஆரம்பிப்பதற்கு முந்தைய நாள் வண்டியில் யாராவது கை வைத்தார்களா?

கேட்டவர்:

ரப்பர் குழாயைப் பார்த்தேன், வெடிப்பு எதுவும் இல்லை. முந்தைய நாள் மாலை பேட்டரி மாற்றினோம். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் இப்படி ஆனது. புது பேட்டரி நன்றாக இருப்பதால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைத்துச் சொல்லவில்லை.

பதில் 1:

தொடர்பு இருக்கிறது! த்ராட்டில் பலகையின் ஓரத்தில் வருடக்கணக்கில் எண்ணெய்ப் புகை படிந்து கரி சேரும். ஐடிலில் காற்று போவதே அந்த மெல்லிய இடுக்கு வழியாகத்தான். கரி அதை அடைக்க அடைக்க, கட்டுப்பாட்டுக் கணினி பலகையைத் துளித்துளியாக அதிகம் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வரும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பேட்டரியைக் கழற்றியதும் கற்றுக்கொண்டதை மறந்துவிட்டது. இப்போது புது வண்டிக்கான அளவுக்குத்தான் திறக்கிறது, கரியோ அப்படியே இருக்கிறது. எஞ்சின் விளக்கு எரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சாவியை எடுத்துவிட்டு ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். த்ராட்டில் பாடிக்கான கிளீனரைத் துணியில் நனைத்து, பலகையின் ஓரத்தையும் அது அமரும் வளையத்தையும் துடையுங்கள். உள்ளே நேராகப் பீய்ச்ச வேண்டாம், கம்பிப் பிரஷ் வேண்டாம். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது பலகையில் விரல் வைக்கவே கூடாது, மோட்டார் விரலை நசுக்கிவிடும். அந்தக் கிளீனர் காற்று சென்சார் மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கணினிக்கு ஐடில் அளவை மறுபடி கற்பிக்கும் முறையைக் கையேட்டில் பாருங்கள். வண்டிக்கு வண்டி அது மாறும். சிலவற்றில் வண்டிக் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை மாட்டித்தான் செய்ய வேண்டும்.

கேட்டவர்:

செய்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது பலகையின் கீழ் ஓரத்தில் நகக்கண் தடிமனுக்குக் கறுப்பு வளையம், தொட்டால் தார் மாதிரி ஒட்டியது. மூன்று துணி கறுத்த பிறகுதான் உலோகத்தின் நிறமே தெரிந்தது. முதல் ஸ்டார்ட்டில் முள் 1600-இல் நின்றது, பயந்துவிட்டேன். கையேட்டில் உள்ளபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காலே வைக்காமல் ஓடவிட்டேன். மெல்ல மெல்ல இறங்கி 750-இல் உட்கார்ந்துவிட்டது. ஏசி போட்டால் ஒரு கணம் தாழ்ந்து தானே மேலே வருகிறது. இன்று காலைக் குளிரிலும் ஒரே செல்ஃப். அம்மாவை அழைத்துப் போய்வந்தேன், எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை. மிக்க நன்றி அண்ணா.