வேர்ல்ட் பில்டிங்: ‘புனைதிணை’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘வேர்ல்ட் பில்டிங்’, அதாவது கதைக்காக ஒரு உலகத்தையே எழுத்தாளர் படைப்பது, இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை மொத்தமாகப் படித்தேன். உலகக் கட்டமைப்பு, உலகாக்கம், கற்பனையுலகு, புனைவுலகம். எல்லாமே பிழையில்லாத தமிழ்தான், ஆனால் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு ‘புனைதிணை’ என்ற என் சொல்லை வைக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

‘உலகக் கட்டமைப்பு’ என்றதும் மனம் சாலை, துறைமுகம், உலக வங்கி என்று போய்விடுகிறது. ‘உலகாக்கம்’ உலகமயமாக்கலுக்குப் பக்கத்து வீடு. கற்பனையுலகில் பகற்கனவு காண்பவரும் இருக்கலாம். ‘புனைவுலகம்’ நெருங்கி வருகிறது, ஆனால் அதை விமர்சகர்கள் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறார்கள். புதுமைப்பித்தனின் புனைவுலகம் என்றால் அவர் எழுதியது மொத்தமும் அதற்குள் ஓடும் பார்வையும்தான். அதையே ஒரு அறிபுனை (அறிவியல் புனைவு) நாவலில் வரும் கோளுக்கும் வைத்தால் கட்டுரை எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஒரு கோள், அதன் தட்பவெப்பம், தொழில்நுட்பம் இவற்றை எழுத்தாளர் திட்டமிட்டு அமைப்பது, அவ்வளவுதான் பொருள். சொல்லில் அதற்கு மேல் எதையும் ஏற்ற வேண்டாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கோளும் தட்பவெப்பமும் மட்டும் இருந்தால் அது வரைபடம். நாம் அந்த உலகங்களை நம்புவது அங்கே காலையில் எழுந்திருப்பவருக்கு நம்முடைய எரிச்சலும் சோம்பலும் ஏக்கமும் இருப்பதால்தான்.

பிலிப் கே. டிக் 1968-ல் எழுதிய ‘டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?’ நாவலின் முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து கதிரியக்கத் தூசி படிந்த சான்பிரான்சிஸ்கோ, ஜனம் பெரும்பாலும் வேறு கோள்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, நாயகன் ரிக் தப்பி வந்த ஆண்ட்ராய்டுகளை, அதாவது மனிதர்போலவே செய்யப்பட்டவற்றை, வேட்டையாடுகிறவன். ஆனால் கதை தொடங்குவது புருஷன் பெண்டாட்டிச் சண்டையில். படுக்கைக்குப் பக்கத்தில் மனநிலையை மாற்றும் கருவி ஒன்று இருக்கிறது, எண்ணைச் சுழற்றினால் அந்த மனநிலை வந்துவிடும். ரிக் உற்சாகமாக எழுந்துவிட்டான், மனைவி ஐரனுக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. அவள் அன்றைய அட்டவணையில் தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொள்ளும் ஆறு மணி நேரச் சோர்வை வேண்டுமென்றே போட்டு வைத்திருக்கிறாள். ஒருநாள் தொலைக்காட்சிச் சத்தத்தை அணைத்தபோது காலியான அடுக்குமாடியின் வெறுமை காதில் விழுந்தது, ஆனால் உள்ளே எதுவும் உறைக்கவில்லை, அது அவளைப் பயமுறுத்தியது. அதனால் மாதம் இருமுறை அந்தத் துயரத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறாள். இழவு வீட்டில் அழுகை வராமல் தவித்தவர்களுக்கு இவளைப் புரியும். ரிக் கடைசியில் அவளுக்கு 594-ஐச் சுழற்றிவிடுகிறான், கணவனின் மேலான அறிவை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும் மனநிலை அது. அந்த இரண்டு மூன்று பக்கங்களில் அந்த உலகத்தின் தூசி, தனிமை, ஆண் திமிர் எல்லாம் வந்துவிடுகிறது, அதற்குத் தனி வருணனை தேவைப்படவில்லை.

ஆக நமக்கு வேண்டிய சொல் நிலத்தையும் அன்றாடப் பொருள்களையும் மனநிலையையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துத்தான் தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று வைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். ‘தெய்வம் உணாவே மா மரம் புள் பறை செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ அவ்வகை பிறவும் கருவென மொழிப’, அதாவது சாப்பாடு, விலங்கு, பறவை, தொழில், இசை எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தால் திணை. மனம் மட்டும் தனியாகவோ நிலம் மட்டும் தனியாகவோ இதில் நிற்பதில்லை.

இதை உர்சுலா லெ குவின் 1969-ல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் வரும் கெத்தென் கோளில் பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சொல் உறுதிப்பட்டது. முதற்பொருள்: தீராத குளிர். கருப்பொருள்: அங்கே சாப்பாட்டு மேசையில் ஒரு சிறு கருவி இருக்கும், குடித்துக்கொண்டிருக்கும்போதே பானத்தின் மேல் உறைந்துவிடும் பனியை உடைப்பதற்கு. குளிர் எவ்வளவு டிகிரி என்று எழுதியிருந்தால் மறந்திருப்போம், இந்தக் கருவி மறக்காது. அப்புறம் ‘புள்’. அந்தக் கோளில் பறக்கும் உயிர் எதுவுமே இல்லை, அதனால் விமானம் என்ற எண்ணமே அந்த மனிதர்களுக்குத் தோன்றவில்லை. கருப்பொருள் பட்டியலில் ஒன்றை எடுத்துவிட்டால் ஒரு நாகரிகத்தின் ஆசைகளே மாறிவிடுகின்றன! உரிப்பொருள் என்றால், வெளியுலகிலிருந்து தூதனாக வந்த ஒருவனுக்கும் அந்த மண்ணின் மனிதர் ஒருவருக்கும் இடையே மெல்ல மெல்ல, பனிப்பரப்பைக் கடக்கும் பயணத்தில் வளரும் நம்பிக்கை.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் அரிதான அர்ராகிஸ் கோளில் ஒருவர் முன்னால் துப்புவது மரியாதை, இறந்தவனுக்காகக் கண்ணீர் விடுவது பெரிய கொடை. பாலை நிலம் துக்கத்தின் விலையையே மாற்றிவிடுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

> திணை சங்க அகப்பாடலுக்கு உரியது. அதை அறிபுனைக்கு இழுப்பது எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்ற பழம்பெருமையில் போய் முடியும்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சங்கப் புலவர்களுக்கு அறிபுனை தெரியும் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன். ஒரு மொழியில் புழக்கத்தில் இருக்கும் கருத்தைப் புதிய பொருளுக்கு நீட்டுவது கலைச்சொல்லாக்கத்தில் வழக்கமான வேலை. பட்டியலும் மூடிய பட்டியல் இல்லை, ‘அவ்வகை பிறவும்’ என்று தொல்காப்பியரே திறந்து வைத்திருக்கிறார். மனநிலைக் கருவியும் பனி உடைக்கும் கருவியும் அந்தப் ‘பிறவும்’ வழியாக உள்ளே வரலாம்.

குறிஞ்சிக்குப் புணர்தல் என்று நிலத்துக்கு ஒரு உணர்வை நிரந்தரமாகப் பூட்டிவிட்டது திணை, அறிபுனையில் அப்படிப் பூட்ட முடியாதே என்று கேட்டவருக்கு: ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’ என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலிலேயே இருக்கிறது. உரிப்பொருளைத் தவிர மற்றவை கலக்கலாம். எனக்கு இது அறிபுனைக்கே எழுதிய விதி போலப் படுகிறது, நிலவுக்கோ செவ்வாய்க்கோ நிலத்தை மாற்றுங்கள், பறவைக்குப் பதில் இயந்திரம் வையுங்கள், காத்திருத்தலும் ஊடலும் மட்டும் அப்படியே இருக்கும். நிலம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இடம் உண்டு. சிலப்பதிகாரத்தில் முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, நல்லியல்பு இழந்து, ‘நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்று வருகிறது. காலநிலை மாற்றத்தைப் பற்றி இன்று எழுதப்படும் புனைவுகளைப் பேச இதைவிட நல்ல பிடி கிடைக்குமா?

இன்னொன்று. திணைக்கு இலக்கணத்தில் வேறொரு பொருளும் இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். உயர்திணை, அஃறிணை. குழப்பம் வராது என்று நினைக்கிறேன், வந்தாலும் நல்லதற்கே. ஆண்ட்ராய்டை ‘அவள்’ என்பதா ‘அது’ என்பதா என்பதுதான் டிக்கின் நாவல் முழுக்க ஓடும் கேள்வி. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசத் தொடங்கியதுமே வாசகனுக்கும் அந்தத் தடுமாற்றம் வந்துவிடுகிறது. யார் எந்தத் திணை என்று முடிவு செய்வதும் உலகத்தைப் படைக்கிறவரின் வேலைதான், நம் சொல் அதையும் சேர்த்துச் சொன்னால் மகிழ்ச்சி. இலங்கை நண்பர் திணைக்களம் நினைவுக்கு வருகிறது என்றார். ‘புனை’ முன்னால் நிற்பதால் அரசு அலுவலக வாடை வராது.

வடிவம் பற்றி: இது வினைத்தொகை, எனவே வல்லினம் மிகாது. ‘புனைத்திணை’ என்று எழுத வேண்டாம், ‘புனைதிணை’தான். படைக்கப்பட்ட உலகத்துக்குப் பெயர்ச்சொல் இது, படைக்கும் வேலைக்குத் ‘திணைபுனைதல்’. எழுதிப் பார்த்தேன்: ‘கெத்தெனின் புனைதிணையில் குளிர் ஒரு பாத்திரம் அளவுக்கு வேலை செய்கிறது’, ‘திணைபுனைவதில் இவருக்குக் கவனம் போதவில்லை, ஊர் இருக்கிறது, அங்கே யாரும் சமைப்பதில்லை’. இரண்டும் தடங்கலில்லாமல் வருகிறது, இரண்டாவது வாக்கியம் நாம் படிக்கும் பல தமிழ் அறிபுனைக் கதைகளுக்குச் சொல்ல வேண்டிய விமர்சனமும்கூட.

மாயப்புனைவுக்கும் இதே சொல் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும் என்பது என் எண்ணம், நிலமும் பொருளும் மனமும் சேர்ந்து படைக்கப்படும் எந்த உலகத்துக்கும் இது செல்லும். வரலாற்று நாவலுக்கு வேண்டாம், அங்கே நிலம் ஏற்கெனவே இருந்தது.

மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்: ‘புனைதிணை: அறிபுனை, மாயப்புனைவு ஆகியவற்றில் நிலம், பொழுது, அன்றாடப் பொருள்கள், அவற்றோடு இயைந்த மனநிலை ஆகியவை ஒன்றாக அமையும்படி ஆசிரியர் படைக்கும் உலகம்.’ ‘இயைந்த’ என்ற இடத்தில் ‘முரண்பட்ட’ என்பதும் வர வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, ஐரன் தன் அறையோடு இயைந்தவள் இல்லையே. அதைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்.