ரை ஊர் மெர்மெய்ட் தெரு: அந்தக் கல்லை யாராவது பார்த்தீர்களா?

வைகைக்கரை:
இங்கிலாந்தின் ரை ஊரில் இருக்கிற மெர்மெய்ட் தெரு எல்லாருக்கும் தெரியும், காலண்டரில் வருகிற அதே கூழாங்கல் ஏற்றம். போன ஐப்பசியில் அம்மாவைக் கூட்டிப்போனேன். நான் பூந்தொட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா ஜீக்ஸ் ஹவுஸ் சுவர் முன்னால் நின்றுவிட்டார். "இங்க பாருடா, ஜாதகக் கட்டம்!" நிஜமாகவே அதுதான். சதுரத்துக்குள் பன்னிரண்டு வீடு, கல்லில் செதுக்கியிருக்கிறது. சாமுவேல் ஜீக் என்ற வியாபாரி 1689 ஜூனில் கிடங்கு கட்டக் கடைக்கால் போட்ட நேரத்துக்குக் கணித்த ஜாதகம். வெள்ளைக்காரனும் நேரம் பார்த்திருக்கிறான்! அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லக்னம் தேட ஆரம்பித்தார். பார்க்கிங் நேரம் முடியுது என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

சுண்டல்பொட்டலம்:
கல்லை நான் கவனிக்கவே இல்லை. அங்கே வீட்டுப் பெயர்களே போதும்: 'இரண்டு வாசல் வீடு', 'எதிர் வீடு'. எதிர் வீடுன்னே ஒரு பெயர்! ஒரு சன்னல் அழகாக இருக்கிறதே என்று செல்போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே ஒரு பெரியவர், கடித்த ரொட்டி கையில் இருக்க, என்னையே பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மெதுவாகத் திரையை இழுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. அது சரி, 1156இல் கட்டிய மெர்மெய்ட் விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே வைகை அண்ணா?

மூணாம்மாடி:
1156 என்று சொல்வது நிலவறைக்கு, சுண்டல் அக்கா. 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரையே கொளுத்தினார்கள். 1420இல் திரும்பக் கட்டியது என்று விடுதிப் பலகையிலேயே போட்டிருக்கிறதே! ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் மேஜைமேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குடித்ததெல்லாம் அதற்கும் முந்நூறு வருடம் கழித்து.

என் கதை சின்னது. தள்ளுவண்டிச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி, பிள்ளை ஒரு தோளில், வண்டி மறு தோளில் என்று ஏறினேன். அதனால் சொல்கிறேன், குழந்தை வண்டி வேண்டாம். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள். மழை பெய்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, அப்போது வேறு தெரு வழியாக இறங்குங்கள். கார் எதற்கு? லண்டன் செயின்ட் பங்க்ராஸிலிருந்து ஆஷ்ஃபோர்ட், அங்கே ரயில் மாறினால் ரை. பார்க்கிங் கவலையே இல்லை. பெரியவர்களைக் கூட்டிப்போனால் பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கட்டும். அப்புறம் முக்கியமாக, அவசரப்படுத்தாதீர்கள்.

வைகைக்கரை:
கடைசி வரி எனக்குத்தானே, புரிகிறது. நான் எடுத்ததில் ஒரு படத்தின் ஓரத்தில் கல் பாதி விழுந்திருந்தது. பெரிதாக்கி அம்மாவுக்கு அனுப்பினேன். மதுரையிலிருந்து போன்: "மீதிப் பாதி எங்கடா? சனி எங்க நிக்கிறான்னு தெரியலையே."