பங்காளிகள் குழு: தலைக்கட்டு 26ஆ, 27ஆ?

செவ்வாய்க்கிழமை

கோயில் கணக்கு சித்தப்பா (காலை 6.40): அனைவருக்கும் வணக்கம். குடமுழுக்கு அழைப்பிதழ் நாளை மாலை 4 மணிக்கு அச்சகத்துக்குப் போகிறது. தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் பங்காளி வீடுகள், 26. வீட்டுக்கு வரி 5,000 ரூபாய், 9 பேர் பாக்கி. பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும்.

திருப்பத்தூர் மாமா (6.44): மாப்பிள்ளைகளுக்கு வரி இல்லைதானே?

கோயில் கணக்கு சித்தப்பா (6.45): உங்களுக்கு முதல் பந்தியில் இலை மட்டும்தான் அத்தான்.

வாத்தியார் பெரியப்பா (6.52): தம்பி, கொஞ்சம் பொறு. 26 என்று அச்சடிக்காதே. நம் தாத்தா அய்யாவுக்கு அண்ணன், மலாயா போன சாத்தையா வழி ஒன்று இருக்கிறது. மலேசியாவிலிருந்து ஒரு பெண் மூன்று மாதமாக எனக்கு எழுதுகிறாள். அவள் அப்பாவின் பிறப்புச் சான்று, தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம் இரண்டையும் அனுப்பினாள். நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தேன். நம் வீட்டுப் பெண்தான். குடமுழுக்குக்கு வருகிறேன் என்கிறாள்.

மதுரை அக்கா (6.55): சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலையில் செத்துப் போய்விட்டார் என்றுதானே சொல்வார்கள்?

நான் (6.56): கருமாதியே செய்தார்கள் என்று அப்பா சொல்வார்.

வாத்தியார் பெரியப்பா (7.10): எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவர் அனுப்பிய மணியார்டரில் மலாயாவின் ரவாங் ஊர் முத்திரை இருந்ததால், அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார் என்று முடிவு கட்டிவிட்டோம். அவர் பால் மரம் வெட்டவே இல்லை. கரி வெட்டியிருக்கிறார். ரவாங்குக்குப் பக்கத்தில் பத்து ஆராங் என்று ஓர் ஊர். மலாய் மொழியில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. மலாயன் காலியரீஸ் என்ற கம்பெனி 1915 முதல் அங்கே நிலக்கரி எடுத்தது. மலாயா ரயில் எஞ்சின்கள், கோலாலம்பூர் மின்சாரம், ஈயச் சுரங்கங்கள் எல்லாம் அந்தக் கரியை நம்பித்தான் ஓடின. 1960இல் மூடிவிட்டார்கள். நம் ஆட்கள் தோட்டத்துக் கணக்குகளைத் தேடித் தேடி ஓய்ந்தது இதனால்தான். அவர் பெயர் அங்கே இருந்தால்தானே கிடைக்கும்!

திருப்பத்தூர் மாமா (7.12): முதல் பீரியட் முடிந்ததா?

புதுக்கோட்டை சின்ன அண்ணன் (7.15): மண் குதிரை செய்யும் வேளார் 11 புரவிக்கு முன்பணம் கேட்கிறார். மழை பிடித்தால் சூளை வைக்க முடியாதாம். யாரிடம் வாங்கிக் கொடுப்பது?

கோயில் கணக்கு சித்தப்பா (7.16): பாக்கி 9 பேரிடம்.

சிங்கப்பூர் தம்பி (7.31): பெரியப்பா கேட்டதற்காக இங்கே தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தில் தேடினேன். 1937 மார்ச்சில் பத்து ஆராங்கில் பெரிய வேலைநிறுத்தம். போலீஸ் புகுந்து அடக்கியிருக்கிறது. 1948 ஜூலையில் கம்யூனிஸ்டுகள் அந்தச் சுரங்கத்தைத் தாக்கியிருக்கிறார்கள். பூட்டன் பெயர் கிடைக்கவில்லை.

மதுரை அக்கா (7.33): அவர்தான் என்று எப்படி நிச்சயம்? சாத்தையா என்று நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர்.

வாத்தியார் பெரியப்பா (7.50): சரியான கேள்வி. அங்கே குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் மட்டும்தான் எழுதுவார்கள். ஒரு சான்று தொலைந்தால் அதற்கு மேல் ஏற முடியாது. பெயரையும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். மகனின் பிறப்புச் சான்றில் 'சட்டயா', பத்திரத்தில் 'சாதையா'. முதலில் நானும் தள்ளிவிட்டேன். பத்திரம் 1958ஆம் வருடத்தது. அதில் பிறந்த இடம் ராம்நாட் ஜில்லா, திருப்பத்தூர் தாலுகா. பாவம், அந்தப் பெண் இரண்டு தடவை ராமநாதபுரம் டவுனுக்கு வந்து தெருத் தெருவாக விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நாம் அப்போது ராமநாதபுரம் ஜில்லா, 1985இல்தான் சிவகங்கை தனியானது என்று அவளுக்கு யார் சொல்வது?

திருப்பத்தூர் மாமா (7.52): எங்கள் திருப்பத்தூரேதானா? வேலூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறதே.

வாத்தியார் பெரியப்பா (7.58): ராம்நாட் என்று போட்டிருக்கிறதே மாப்பிள்ளை. எனக்கு நிச்சயமானது இன்னொன்றால். 1938இல் பத்து ஆராங்கில் பிறந்த அவர் மூத்த மகனுக்கு வைத்த பெயர் அடைக்கலம்.

நான் (7.59): ஐயோ.

வாத்தியார் பெரியப்பா (8.03): மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அய்யாவும் தன் மூத்த மகனுக்கு அதே பெயரைத்தான் வைத்தார். கடலுக்கு இந்தப் பக்கம் என் அப்பா அடைக்கலம், அந்தப் பக்கம் இன்னோர் அடைக்கலம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விட்டார்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது.

மதுரை அக்கா (8.05): சரி, 1958இல் உயிரோடு இருந்தாரா? அப்படியென்றால் இங்கே இருந்த அவர் மனைவி, நம் பெரியாத்தா?

(8.40 வரை யாரும் எழுதவில்லை)

புதுவயல் அப்பத்தா (8.41): நான் பேரன் எழுதுகிறேன். அப்பத்தா சொல்வதை அப்படியே போடுகிறேன். 1949இல் எனக்கு ஆறு வயது. மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து, சாத்தையாவைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், முடிந்துவிட்டது என்றார். கிணற்றடியில் வைத்துத்தான் பெரியாத்தாவின் தாலியை இறக்கினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். என்னை வளர்த்ததே அவர்தான். 1971இல் சாகிறவரை வெள்ளைச் சேலை. அந்த மனிதர் அங்கே பத்திரம் வாங்கிக்கொண்டு இருந்தாரா?

வாத்தியார் பெரியப்பா (8.47): அத்தை, சண்டை வந்ததும் தபால் நின்றது. அதற்கப்புறம் ஏன் எழுதவில்லை என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை.

கோயில் கணக்கு சித்தப்பா (8.49): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான் (8.50): சித்தப்பா, படித்துவிட்டேன்.

கோயில் கணக்கு சித்தப்பா (8.54): சரி, மறைக்கவில்லை. 1951 கிரயப் பத்திரத்தில் 'என் அண்ணன் வாரிசில்லாமல் இறந்துபோனபடியால்' என்று எழுதித்தான் அய்யா மேலவயலை விற்றார். இப்போது வாரிசு என்று பெயரை அச்சடித்தால் நாளைக்கு ஏதாவது வந்து நிற்குமா என்றுதான் கேட்டேன்.

வாத்தியார் பெரியப்பா (8.56): அவள் நிலம் கேட்டு வரவில்லை. வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு செங்கல்லை நட்டு, அய்யனார் என்று தாத்தா கும்பிட்டாராம். அது எந்த ஊர் அய்யனார் என்று பார்க்க வருகிறாள்.

திருப்பத்தூர் மாமா (8.58): மேலவயலில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. பார்க்கிங் கூடக் கிடைக்காது.

சிங்கப்பூர் தம்பி (9.02): அந்த அடைக்கலத்துக்கு மகன் உண்டா? தலைக்கட்டு யார் பெயரில்?

வாத்தியார் பெரியப்பா (9.03): ஒரே பெண். அப்பா தவறிவிட்டார்.

கோயில் கணக்கு சித்தப்பா (9.04): பெண் பெயரில் தலைக்கட்டு இதுவரை இல்லை. பங்காளிகள் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

புதுவயல் அப்பத்தா (9.20): கட்டிக்கொடுத்தவள் பேசக் கூடாது என்கிறாயா? ட்ரங்குப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பார்.

புதுவயல் அப்பத்தா (9.22): படம்

நான் (9.26): பெரிதாக்கிப் பார்த்தேன். மணியார்டர் துண்டு, உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஊதா மை, மடிப்பில் ஓர் எழுத்து போய்விட்டது. 'ரூ. 15. கிணற்றுக்குக் கல் கட்டவும். அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கவும்.' 1941 முத்திரை.

மதுரை அக்கா (9.27): நம் கிணறா?

புதுவயல் அப்பத்தா (9.31): நீங்கள் எல்லோரும் குடித்து வளர்ந்த கிணறுதான். கரி வெட்டிய காசு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அவள் என்று எழுதியிருப்பது பெரியாத்தாவை. பெயரைப் போடு. ஆனால் சாத்தையா பெயர் வந்தால் பக்கத்தில் பெரியாத்தா பெயரும் வர வேண்டும். இல்லையென்றால் நான் குடமுழுக்குக்கு வரவில்லை.

கோயில் கணக்கு சித்தப்பா (9.33): அத்தை, பட்டியலில் பெண்கள் பெயர் போடும் வழக்கமே இல்லையே.

மதுரை அக்கா (9.33): போட்டால் என்ன?

புதுக்கோட்டை சின்ன அண்ணன் (9.35): வேளார் மறுபடி கூப்பிடுகிறார்.

வாத்தியார் பெரியப்பா (9.40): தம்பி, நான் நாளைக் காலையிலேயே அத்தை வீட்டுக்குப் போகிறேன். நீயும் வா. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பெரியாத்தாவைப் பற்றிச் சொல்லவில்லை. அத்தை வாயால் சொன்னால் நல்லது.

கோயில் கணக்கு சித்தப்பா (9.44): வருகிறேன். அச்சகத்தில் 26க்குக் கீழே இரண்டு வரி இடம் விடச் சொல்கிறேன். எண் போட வேண்டாம்.

நான் (9.45): வேளாருக்கு நான் அனுப்பிவிட்டேன்.

கோயில் கணக்கு சித்தப்பா (9.46): அப்போது பாக்கி 8.