வாராந்திர ஃப்ளூ அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி (ஹாரோ, லண்டன்):
அம்மாவுக்கு 76 வயது. போன டிசம்பரில் இருமி இருமி, ராத்திரி முழுக்கத் தலையணையில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். இந்த முறை முன்கூட்டியே தயாராக இருக்கணும். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை (UKHSA) குளிர்காலத்தில் வியாழக்கிழமைதோறும் வெளியிடும் அறிக்கையில் ‘பாசிட்டிவ் சதவீதம்’ என்கிறார்களே, நாட்டில் அத்தனை பேருக்கு ஃப்ளூ என்றா அர்த்தம்?

பதில் 1:
இல்லை அக்கா. பரிசோதித்த மாதிரிகளில் எத்தனையில் வைரஸ் இருந்தது என்பதுதான் அது. சளி பிடித்த எல்லோரும் பரிசோதனைக்குப் போவதில்லையே. நான் முதலில் பார்ப்பது, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்ற வரைபடக் கோடு. வயதுவாரியாகவும் பிரித்திருப்பார்கள், அம்மாவின் வயதுக்குரிய வரிசையைப் பாருங்கள்.

பதில் 2:
அந்தக் கோடு ஏறட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்! ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்யவே சுமார் இரண்டு வாரம் ஆகும். 65 தாண்டியவர்களுக்கு ஃப்ளூ ஊசி அக்டோபரிலேயே இலவசம். அப்புறம் ஆர்எஸ்வி (நுரையீரலைத் தாக்கும் இன்னொரு சளி வைரஸ்) ஊசி, 2024 செப்டம்பரில் 75–79 வயதினருக்கு வந்தது. வருடா வருடம் வேண்டாம், ஒரு தடவை போதும். அப்பாவுக்குப் போட்டபோது ஒரு நாள் கை வலித்தது, அவ்வளவுதான்.

கேட்டவர்:
ஆர்எஸ்வி ஊசி பற்றி யாருமே சொல்லவில்லை. சரி, நாளைக் காலை எட்டு மணிக்கே ஜிபிக்கு (குடும்ப மருத்துவருக்கு) போன் போடுகிறேன்.