விடுதியில் எங்களோடு இருந்த பிரதர்கள்

மிஷன் விடுதி என்றாலே மணியும் பிரம்பும்தான் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். மணி உண்டு. எழுவதற்கு, பூசைக்கு, படிப்புக்கு, சாப்பாட்டுக்கு என்று நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் நடத்திய விடுதியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தங்கிப் படித்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. எந்நேரமும் யாராவது ஒரு பிரதர் எங்களோடு இருந்தார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பம் என்பதால், எங்கள் பகுதிக் கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் சொன்ன யோசனைப்படி அப்பா என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது நாங்கள் நீதிபோதனை வகுப்பில் இருப்போம். பூசைக்கு வரும்படி யாரும் வற்புறுத்தியதில்லை. அந்த நேரத்தில் படிப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாலைச் செபமாலையைப் பின்வரிசையில் இருந்து கேட்டுக் கேட்டே ‘அருள் நிறைந்த மரியே’ எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

பிரதர்கள் என்றால் பாதிரியார் ஆவதற்கான படிப்பின் நடுவே பயிற்சிக்காக விடுதிக்கு அனுப்பப்படும் இளைஞர்கள். எங்களோடு பெருக்குவார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு கால்பந்து ஆடுவார்கள். ஆட்டத்துக்கு நடுவிலும் எவன் ஆடாமல் ஒதுங்கி நிற்கிறான் என்று அவர்கள் கண் தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது நான்தான் அப்படி ஒதுங்கி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிரதர் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. காற்றுப் போன தோல்பந்து ஒன்றையும் பம்பையும் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பிளாடர் வாயை இறுக்கிப் பிடித்துக்கொள் தம்பி, நான் கட்டுகிறேன்” என்றார். நூலைச் சுற்றிக் கட்டி, வாயை உள்ளே மடக்கித் திணித்து, தோல்வாரை ஒவ்வொரு துளையாகக் கோத்து இழுத்தார். வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோதே, தங்கையின் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் கை நிற்கவில்லை. “எத்தனையாம் வகுப்பு?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் விடுதி ஃபாதர் எங்கள் வீட்டுக்கே போய் அப்பாவிடம் பேசினார். ஜூன் மாதம் தங்கை கன்னியர் மடத்து விடுதியில் சேர்ந்தாள். பிறகு ஆசிரியர் பயிற்சி வரை படித்தாள்.

இரவுச் செபம் முடிந்ததும் ஃபாதரோ பிரதரோ சில நிமிடங்கள் பேசுவார்கள். அதற்கு நல்லிரவு என்று பெயர். சலேசிய சபையை நிறுவிய பாதிரியார் தொன் போஸ்கோ இத்தாலியின் தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களைத் தம் வீட்டில் தங்கவைக்கத் தொடங்கிய 1847-ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய தாய் மார்கரீத்தா ஒரு சிறுவனுக்குத் தூங்கும் முன் நான்கு நல்ல வார்த்தை சொன்னதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்திறங்கியபோது அதுவும் அவர்களோடு வந்தது. எங்கள் விடுதியில் ஒருமுறை சோப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எல்லோருடைய பெட்டியையும் சோதிப்பார்கள் என்று பயந்தோம். அன்றைய நல்லிரவில் ஃபாதர், வீட்டிலிருந்து சோப்பு வாங்கித் தர ஆளில்லாத பையன் யாராவது இருந்தால் தம்மிடம் வந்து கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார். அதோடு போய்த் தூங்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு எவன் சோப்பும் போகவில்லை. தவறு நடந்த பின் தண்டிப்பதைவிட, நடக்காதபடி பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பதே கல்வி என்று தொன் போஸ்கோ 1877-இல் எழுதியதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, எனக்கு அந்தச் சோப்புதான் நினைவுக்கு வந்தது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். வார்டன் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் “நான் நலம்” என்பதற்கு மேல் ஒரு வரிகூட உண்மையாக எழுதியதில்லை. பத்து வயதுப் பிள்ளை அம்மாவுக்கு எழுதுவதை இன்னொருவர் படிப்பது தவறு. அன்றும் தவறு, இன்றும் தவறு.

இப்போது பிரதர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் விடுதியில் தாழ்வாரம் முழுக்கக் கேமரா பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைகளோடு விளையாடவும் படிப்பறையில் பக்கத்தில் உட்காரவும் இரண்டு இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து வைக்கலாம் என்று பழைய மாணவர் கூட்டத்தில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். உங்கள் விடுதிகளில் யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால், எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். அங்கே எடுத்துச் சொல்ல உதவும்.