பாலக்கோட்டுச் சொந்தம்: காதுகுத்து போட்டோ

*ஞாயிறு, மாலை 6.52*

செல்வி அத்தை: எல்லாரும் பத்திரமா வீடு சேந்தீங்களா? நாங்க கிருஷ்ணகிரி வந்துட்டோம். வர்ற வழியில டிராஃபிக்குல ஒரு அரைமணி நேரம் போச்சு

அம்மா: சேந்துட்டோம் செல்வி. உன் தூக்குவாளி இங்கயே நிக்குது. மீந்த கொழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்

பிரியா அக்கா: நாங்க பஸ்ல. இப்பதான் ராயக்கோட்டை தாண்டுச்சு. பாப்பா தூங்கறா, காது லேசா செவந்திருக்கு

அம்மா: தேங்காண்ணெ தடவு. கை வெக்க விடாத

மணி பெரியப்பா: மூடி எங்க

அம்மா: எந்த மூடி மாமா? தூக்குவாளி மூடியா? அது இருக்கு

மணி பெரியப்பா: லென்ஸ் மூடி

கார்த்தி: பெரியப்பா அதான் தேடிட்டிருக்கேன் 🙏 கோயில்ல திண்ணை மேல வெச்ச ஞாபகம்

மணி பெரியப்பா: 1984ல இருந்து என்கிட்ட இருந்துச்சு

கார்த்தி: கண்டிப்பா கெடைக்கும் பெரியப்பா

பிரியா அக்கா: மூடியை அப்புறம் தேடு. போட்டோவ அனுப்புடா

*இரவு 7.38*

கார்த்தி: [படம்] [படம்] [படம்] [படம்]

பிரியா அக்கா: இதுல என் பொண்ணு எங்க

செல்வி அத்தை: முதல் படத்துல ஆசாரி கட்டைவிரல் ரொம்ப அழகா வந்திருக்கு. நெகம் வரைக்கும் தெரியுது

அம்மா: பொடவை ஜரிகை ஜம்முனு இருக்கு. குழந்தை மூஞ்சி மட்டும் புகையா இருக்கே

தினேஷ் மச்சான்: 😂😂😂 மச்சான், நான் அப்பவே சொன்னேன். ஆட்டோஃபோகஸ் கேமராவ வண்டியில வெச்சுட்டு உங்களுக்காக சும்மா சாப்ட்டுட்டு வந்தேன்

பிரியா அக்கா: காது குத்தற நேரத்துப் படம் ஒண்ணுகூட இல்லையா? ஒரே தடவைதான்டா காது குத்துவாங்க

கார்த்தி: அக்கா நான் தாய்மாமன். பாப்பா என் மடியில இருந்தா. நான் எப்படி எடுக்கறது? கேமராவ அப்பாகிட்ட குடுத்தேன். பெரியப்பாவோட பழைய லென்ஸ், ஃபோகஸ் கையாலதான் திருப்பணும்

அப்பா: 43 எடுத்தேன்

பிரியா அக்கா: 43லயும் புகையாப்பா?

அப்பா: இவன் என்ன சொன்னான்? செவப்பா மின்னற எடம்தான் ஃபோகஸ், மின்னினா அமுக்குன்னான். நான் பாத்தப்ப எல்லாமே செவப்பா மின்னிச்சு. பொடவை மின்னிச்சு, தேங்கா மின்னிச்சு, பூசாரி தாடி மின்னிச்சு

தினேஷ் மச்சான்: மாமா மேல தப்பே இல்ல. பீக்கிங் அப்படித்தான். மாறுபாடு எங்க அதிகமோ அந்த ஓரத்துல எல்லாம் கலர் பூசும். ஜரிகைன்னா அதுக்கு அல்வா. குழந்தையோட கன்னம் வழவழன்னு இருக்கும், அங்க ஒண்ணும் மின்னாது. பெரிசாக்கிப் பாத்து கண்ணுல வெச்சிருக்கணும்

கார்த்தி: ஆமா, அத நான் சொல்லிக் குடுக்கல. அவசரத்துல விட்டுட்டேன். சாரிப்பா

அப்பா: சரி விடு

அம்மா: புதுக் கேமரா வாங்கிட்டு எதுக்கு அந்தப் பழைய லென்ஸைத்தான் மாட்டணும்னு அடம்? அதோட வந்த லென்ஸ் என்னாச்சு?

கார்த்தி: அம்மா, அது பெரியப்பா ஸ்டுடியோ லென்ஸ். காவேரிப்பட்டணத்துல எடுத்த அத்தனை கல்யாணமும் அதுலதான். பாப்பா காதுகுத்தும் அதுல வரணும்னு ஆசப்பட்டேன்

அம்மா: ஆசப்பட்டு என்ன ஆச்சு. நான்கூட ஈரம் போகட்டும்னு அத ரெண்டு நாள் அரிசி டின்னுல போட்டு வெச்சேன்

மணி பெரியப்பா: அரிசியில போடாத சாந்தி. மாவுத் தூசி உள்ள போகும்

அம்மா: தெரியாது மாமா 🙈

கார்த்தி: சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு இறுக்க மூடற டப்பாவுல வெச்சாப் போதும்மா. நம்ம பக்கம் காஞ்ச ஊரு, அதனாலதான் இத்தன வருஷம் பீரோல கெடந்தும் பூஞ்சை பிடிக்கல. ஓரத்துல மட்டும் நூல் மாதிரி ஒண்ணு இருக்கு, படத்துல தெரியாது

*இரவு 8.05*

செல்வி அத்தை: கார்த்தி இது எந்த நாட்டு லென்ஸ்? எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கற மாதிரி இருக்கு

கார்த்தி: ரஷ்ய எழுத்து அத்தை. ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியில சைஸ் கம்பெனி போட்ட பயோட்டார் லென்ஸைப் பாத்து சோவியத்துல செஞ்சது. ஜெனிட் கேமராவோட சேந்து வரும். முன்னாடி முப்பட்டகத்துல ஒளி நுழையற மாதிரி ஒரு முத்திரை இருக்கு பாருங்க, அது மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரி முத்திரை. சீரியல் நம்பர் 76ல ஆரம்பிக்குது. 1976ல செஞ்சதுன்னு அர்த்தம்

செல்வி அத்தை: அடேங்கப்பா. தினேஷ் அப்பாவவிட நல்லா உழைச்சிருக்கு

தினேஷ் மச்சான்: அம்மா 😐

செல்வி அத்தை: ஒரு விஷயம். பழைய லென்ஸ்ல கதிர்வீச்சு இருக்குன்னு எங்க தெரு குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. குழந்தை பக்கத்துல எல்லாம் வெக்கலாமா?

கார்த்தி: அத்தை, சில லென்ஸ்ல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கறது நெஜம்தான். பென்டாக்ஸோட சூப்பர் டாக்குமார் 50 எஃப் 1.4ல பின்னாடி வந்த மாடல் அப்படி. வருஷம் ஆக ஆக கண்ணாடியே டீ கலர்ல மஞ்சளாயிடும். அல்ட்ரா வயலட் வெளிச்சத்துல சில நாள் வெச்சா தெளியும். நம்மளது அந்த ரகம் இல்ல, பளிச்சுனு இருக்கு

தினேஷ் மச்சான்: மச்சான், வர்ற வாரம் ரிசப்ஷன் ஆர்டர் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளைய மாந்தோப்புல நிக்க வெச்சு இதுல நாலு படம் எடுக்கறேன், குடுங்க. பின்னாடி இலை எல்லாம் சுத்தற மாதிரி மங்கலா வரும்ல, அது கேக்கறாங்க இப்ப

கார்த்தி: எதுல மாட்டுவீங்க? உங்க நிக்கான் டிஎஸ்எல்ஆர்லயா?

தினேஷ் மச்சான்: ஆமா. எம்42 அடாப்டர், அதான் இந்தத் திருகு லென்ஸை நம்ம கேமராவுல மாட்டற இணைப்பு, ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்

கார்த்தி: கண்ணாடி வெச்ச அடாப்டரா, வெறும் வளையமா?

தினேஷ் மச்சான்: வெறும் வளையம்

கார்த்தி: அப்ப தோப்பு வரும், தோப்புக்குப் பின்னாடி இருக்கற ராயக்கோட்டை மலை வராது. எம்42 லென்ஸ் ஃபிலிமுக்கு முன்னாடி 45.46 மி.மீ. தள்ளி நிக்கணும்னு செஞ்சது. உங்க நிக்கான்ல லென்ஸ் மாட்டற வாய், அதான் மவுன்ட், அதுவே 46.5ல இருக்கு. அந்த 1 மி.மீ.தான். ஆனா அதுக்கே மூணு மீட்டருக்கு அந்தாண்ட எதுவும் தெளியாது

தினேஷ் மச்சான்: 1 மி.மீ.க்கா?!

கார்த்தி: ஆமா. என் சோனியில மவுன்ட் 18 மி.மீ.லதான் இருக்கு. நடுவுல 27 மி.மீ. சொச்சம் காலி. அந்த எடத்த ஒரு அலுமினியக் குழாய் ரொப்புது, உள்ள ஒண்ணுமே கெடையாது. மிரர்லெஸ், அதான் உள்ள ஆடி இல்லாத கேமரா, வந்தப்புறம் பழைய லென்ஸுக்கு எல்லாம் மறுவாழ்வு வந்தது இதனாலதான். கண்ணாடி இல்லாத குழாய் போதும்

தினேஷ் மச்சான்: கண்ணாடி அடாப்டர் போட்டா?

கார்த்தி: மலை வரும், ஆனா சொதசொதன்னு வரும். பொண்ணு மாப்பிள்ளை மட்டும்னா இருக்கறதே போதும். உங்களது ஃபுல் ஃபிரேம், பெரிய சென்சார், இலை நல்லா சுத்தும். என்னோடது ஏபிஎஸ்-சி, சின்ன சென்சார், சுத்தற ஓரம் பாதி வெட்டுப்பட்டுடுது

அம்மா: ஆயா கேக்கறாங்க, காலைல புளியமரத்தடியில அவங்கள எடுத்தியே அது எங்கன்னு

கார்த்தி: [படம்]

அம்மா: காட்டினேன். "எனக்குப் பின்னாடி என்னடா கெணத்துத் தண்ணி மாதிரி சுத்துது, பாத்தா மயக்கம் வருது"ங்கறாங்க. ஆனா ஃபோனைக் குடுக்க மாட்டேங்கறாங்க

*இரவு 8.41*

கார்த்தி: ஒரு நிமிஷம்

கார்த்தி: கார்டுல கடைசியா இன்னும் 3 படம் இருக்கு. நான் பாக்கவே இல்ல

கார்த்தி: [படம்] [படம்] [படம்]

பிரியா அக்கா: அய்யோ

பிரியா அக்கா: அய்யோ கார்த்தி இது என்னடா இப்படி இருக்கு 😭

செல்வி அத்தை: குழந்தை கண்ணுல ஆசாரி தெரியறார்! பெரிசாக்கிப் பாரு அண்ணி!

அம்மா: ஊசி நுனி, காது மடல், கண்ணு, எல்லாமே தெளிவா இருக்கு. யார் எடுத்தது?

தினேஷ் மச்சான்: நான் இல்ல. நான் அப்ப பந்தியில

அம்மா: தெரியும்

கார்த்தி: அப்பா நீங்களா?

அப்பா: நான் 43தான். எண்ணினேன்

கார்த்தி: இருங்க. அப்பா எடுத்த படத்துல எல்லாம் ஷட்டர் 1/3200. இந்த மூணுல 1/200. ஐஎஸ்ஓ நான் 400ல பூட்டி வெச்சேன், அது மாறல. ரெண்டும் அஞ்சு நிமிஷ இடைவெளி, அதே வேப்பமர நெழல், அதே வெளிச்சம். அப்பர்ச்சர், அதான் லென்ஸோட தொறப்பு, எவ்வளவுன்னு பாக்கலாம்னா கேமராவுல வெறும் கோடு போட்டிருக்கு. லென்ஸ்ல ஒயர் கெடையாது, மின்சாரம் கெடையாது. மாட்டியிருக்கறது லென்ஸா குழாயான்னே கேமராவுக்குத் தெரியாது. "லென்ஸ் இல்லாமலும் எடு"ன்னு மெனுவுல சொன்னாத்தான் ஷட்டரே விழும்

பிரியா அக்கா: சுத்தி வளைக்காத

கார்த்தி: 3200க்கு 200ன்னா ஷட்டர் 16 மடங்கு நேரம் தொறந்திருக்கு, அப்ப லென்ஸ் விட்ட வெளிச்சம் 16ல ஒரு பங்கு. பாதியாக் கொறைஞ்சா ஒரு ஸ்டாப், அப்படி 4 ஸ்டாப். நான் 2ல வெச்சுத்தான் அப்பாகிட்ட குடுத்தேன். 2, 2.8, 4, 5.6, 8. யாரோ லென்ஸை 8க்கு மூடியிருக்காங்க. நம்பர் கூடக் கூட தொறப்பு சின்னதாகும், தெளிவா வர்ற ஆழம் கூடும். அந்த லென்ஸ்ல அத செய்ய ரெண்டு வளையம் இருக்கு. முன்னாடி வளையம் டிக் டிக்னு நம்பர் குறிக்க, அடுத்தது மூடித் தொறக்க. பழகாதவங்க ஒண்ணைத் திருப்பிட்டு மூடலையேன்னு முழிப்பாங்க. நானே முதல் நாள் முழிச்சேன்

தினேஷ் மச்சான்: 👀 மணி மாமா

செல்வி அத்தை: அண்ணா??

மணி பெரியப்பா: [குரல் செய்தி 1:47]

பிரியா அக்கா: பாப்பா தூங்கறா, வாய்ஸ் போட முடியாது. யாராவது டைப் பண்ணுங்க ப்ளீஸ்

கார்த்தி: பெரியப்பா சொன்னது அப்படியே:

கார்த்தி: "உங்கப்பன் திணறிட்டு இருந்தான், வாங்கினேன். என்னோடது ஆபரேஷன் பண்ண கண்ணு, அந்தச் சின்னத் திரையில செவப்பும் தெரியல ஒண்ணும் தெரியல. கண்ணாடியப் போட்டு வளையத்துல நம்பரைப் பாத்தேன். 8ல வெச்சேன். தூரத்த ஒண்ணரை மீட்டர்ல வெச்சேன். அதுக்கப்புறம் வளையத்தத் தொடவே இல்ல. நான்தான் மூணு முழத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கற மாதிரி போய் நின்னேன். ஆசாரி நகந்தா நானும் நகந்தேன். ஊசி குத்தறப்ப குழந்தை அழாது, திகைக்கும். அப்புறம்தான் வாயத் தொறக்கும். திகைச்சது ஒண்ணு, வாயத் தொறந்தது ஒண்ணு எடுத்தேன். ஃபிலிம் காலத்துல ரோலுக்கு 36. காதுகுத்துக்கு மூணுக்கு மேல போனா கட்டாது."

பிரியா அக்கா: 😭😭 பெரியப்பா

தினேஷ் மச்சான்: மாமா ஒரு சந்தேகம். 8ல, ஒண்ணரை மீட்டர்ல எவ்வளவு ஆழம் தெளிவா வரும்?

மணி பெரியப்பா: லென்ஸ்லயே கோடு போட்டிருக்கு பாரு

கார்த்தி: அந்தக் கோடு 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்டது மச்சான். என் சென்சார் சின்னது, ஒரு ஸ்டாப் கொறச்சுத்தான் நம்பணும். கணக்குப் போட்டேன், ஒரு சாண் வருது. காது, கண்ணு, ஆசாரி விரல் மூணும் அந்த ஒரு சாணுக்குள்ள அடங்கிடுச்சு. அப்பா ஒரு மீட்டர்ல 2ல எடுத்தாரு. அங்க இருக்கறது ஒரே ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்துலதான் கட்டைவிரல் உக்காந்துச்சு

அப்பா: அப்ப லென்ஸைத் தொறந்து வெச்சுக் குடுத்தது யாரு

கார்த்தி: நான்தான்ப்பா

அப்பா: 👍

பிரியா அக்கா: திகைச்சது ஒண்ணு, வாயத் தொறந்தது ஒண்ணு. மூணாவது படம்?

தினேஷ் மச்சான்: மூணாவது பாக்கலையா? பாப்பா அழல. தாய்மாமன் அழறாரு 😂 கண்ணுல தண்ணி நிக்கறது அப்படியே தெரியுது

அம்மா: ஆமாடா! மூக்கு செவந்து போய்!

கார்த்தி: புகை. கற்பூரப் புகை

மணி பெரியப்பா: தாய்மாமன் மூஞ்சி எப்பவும் ஒண்ணு எடுப்பேன். வீட்டுக்காரங்க அதத்தான் பெரிசா கேப்பாங்க

பிரியா அக்கா: அதையே பெரிசா போடுங்க பெரியப்பா, பாப்பா ரூம்ல மாட்டறேன் 😂

*திங்கள், காலை 7.20*

அப்பா: காலை வணக்கம் 🌺

செல்வி அத்தை: காலை வணக்கம். ஏன் அண்ணி, என் கூடைக்குள்ள ஒரு கறுப்பு மூடி கெடக்கு. உங்க ஊறுகா பாட்டிலுதா? வெளக்கிக் கவுத்து வெச்சிருக்கேன், தினேஷ் வந்தா குடுத்தனுப்பறேன்

அம்மா: என் பாட்டில் எல்லாம் செவப்பு மூடி செல்வி

கார்த்தி: அத்தை!!! உள்பக்கம் ஏதாவது எழுதியிருக்கா பாருங்க

மணி பெரியப்பா: ஆணியால ம ன்னு கீறி இருக்கும்

செல்வி அத்தை: இருக்கு அண்ணா. அதப் பாத்துத்தான் மாங்கா ஊறுகான்னு நெனச்சேன்