டூலாவை அமர்த்துவதற்கு முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

கேள்வி: தலவாக்கலை

எனக்கு இது முதற் பிள்ளை. ஏழாம் மாதம் நடக்கிறது. கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். அம்மாவால் இரவில் கண்விழித்திருக்க இயலாது. கண்டியிலுள்ள ஒரு பெண் டூலாவாக, அதாவது கூலிக்கு அமர்த்தும் பிரசவத் துணையாளராகப் பணியாற்றுவதாக முகநூலில் பார்த்தேன். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் (பகுதி மருத்துவ மாது) அக்கறையோடு கவனிக்கும்போது இன்னொருவருக்கு எதற்குப் பணம் என்று மாமியார் கேட்கிறார். டூலா செய்வது என்ன? பிரசவ அறைக்குள் அவரை அனுமதிப்பார்களா?

மறுமொழி: ஓய்வுபெற்ற மருத்துவ மாது, பண்டாரவளை

தங்கச்சி, மாமியாரின் கேள்வி நியாயமானதே. மருத்துவ மாது இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர். பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. டூலா இவற்றில் எதையும் செய்யக் கூடாது. ஆனால் பல தாய்மாரை ஒரே வேளையில் கவனிக்கும் மருத்துவ மாதுவால் ஒருவரின் கட்டிலருகிலேயே மணிக்கணக்காக நிற்க முடியாது. முதுகை நீவிவிட்டு, நடக்கத் துணை வந்து, பயம் எழும்போது ஆறுதல் சொல்லி, கடைசி வரை விலகாமல் இருப்பதே டூலாவின் பணி. 17 நாடுகளில் 15,000 இற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 பரிசோதனைகளைத் தொகுத்து 2017இல் கொக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு இடைவிடாத துணை பெற்றவர்களுக்குச் சத்திரசிகிச்சைப் பிரசவம் குறையவும் பிரசவ நேரம் சற்றுச் சுருங்கவும் வாய்ப்புண்டு என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல், தாய் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. எனினும் அனுமதி வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடும். ஆகவே பணம் பேசுவதற்கு முன்னர், அடுத்த கிளினிக்கிலேயே ‘துணைக்கு ஒருவரை விடுவீர்களா, உறவினர் அல்லாதவரும் வரலாமா’ என்று கேட்டுவிடுங்கள்.

மறுமொழி: இரண்டு பிள்ளைகளின் தாய், பதுளை

அக்கா சொன்னதோடு நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சேர்க்கிறேன். அந்தப் பெண் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவாரா என்று முதலில் பாருங்கள். வலியின் உச்சத்தில் தாதி சிங்களத்தில் சொல்வதை உடனே விளங்கிக்கொள்வது எளிதன்று; எனக்குத் துணை நின்றவர் செய்த பேருதவி அதுதான். யாரிடம் பயிற்சி பெற்றார், எத்தனை பிரசவங்களுக்குத் துணை நின்றார், அவர் வர முடியாமற்போனால் பதிலுக்கு யார் வருவார் என்று கேளுங்கள். முன்பு அவரை அமர்த்திய ஓரிரு தாய்மாரோடும் பேசிப் பாருங்கள். சத்திரசிகிச்சையே இல்லாமல் பெற்றெடுக்க வைப்பதாக உறுதி கூறுபவரையும், வைத்தியர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்பவரையும் தயங்காமல் விலக்கிவிடுங்கள்.

என் அனுபவத்தில், பிரசவத்தை விடப் பிந்திய வாரங்களில்தான் துணை அதிகம் தேவைப்பட்டது. பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்க வைப்பது, நான் உறங்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, காரணமின்றி அழுகை வந்த நாட்களில் அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லும்படி தூண்டியது எல்லாம் அவர்தான். பத்தியச் சாப்பாட்டைப் பற்றி மாமியாரோடு சண்டையிடாமல், மரக்கறியும் மீனும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொண்டார். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் பிரசவத்திற்குப் பிந்திய உதவியையே தெரிவு செய்யுங்கள்.

மறுமொழி: மஸ்கெலியா

கண்டியிலிருந்து தலவாக்கலைக்கு இரவில், அதுவும் மழையிலும் பனிமூட்டத்திலும் வருவது நிச்சயமில்லாத காரியம். ஆதலால் உங்கள் நாத்தனாரையோ நம்பிக்கையான அயலவர் ஒருவரையோ பிரசவத் துணையாக ஆயத்தப்படுத்தி, டூலாவிடம் முன்கூட்டியே ஓரிரு முறை பயிற்சி பெறச் செய்யலாம், செலவும் குறையும். உறவினரான ஒரு பெண்ணுக்கு அனுமதி கேட்பதும் இலகு. இரத்தப்போக்கு, கடுந்தலைவலியோடு கண் மங்குதல், பிள்ளையின் அசைவு குறைதல் போன்றவை தோன்றினால் டூலாவுக்கு அழைத்து நேரம் போக்காமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்சை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். தோட்டத்து வீடென்றால் அம்பியூலன்ஸ் எந்தச் சந்தி வரை வரும் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.